டியூபைத் திறக்கும் முன்: குழந்தையின் தோலில் புள்ளியும் தடிப்பும் வந்தால்

குழந்தையைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றும்போதுதான் அனேகமாகக் கண்ணில் படும். முதுகில் பத்துப் பதினைந்து புள்ளி, இல்லையென்றால் தொடையில் தடித்த ஒரு திட்டு. நேற்று ராத்திரி இல்லை. எது கடித்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் தெரியாது. அடுத்த ஐந்து நிமிடத்தில் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒன்று அதன்மேல் ஏறிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது, அலமாரியில் கிடக்கும் கேலமைன், போன வருஷம் அப்பாவின் படர்தாமரைக்கு வாங்கி மீந்துபோன டியூப். சாயங்காலம் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனால், அவருக்குத் தெரிவது மஞ்சள் பூச்சும் ரோஸ் பூச்சும்தான். தோல் அதற்கு அடியில் எங்கோ இருக்கிறது.

தோல் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் முக்கால்வாசி கண்ணாலும் விரலாலும் நடப்பது. நிறம் என்ன, விளிம்பு தெளிவாக இருக்கிறதா, தொட்டால் சொரசொரப்பா வழவழப்பா, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்ந்தது, இவைதான் சாட்சி. பூசியவுடன் சாட்சி கலைந்துவிடும். அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு எதையும் தடவாதீர்கள். பாருங்கள், எழுதி வையுங்கள்.

பார்ப்பதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். ஜன்னலோரமோ வாசல் திண்ணையோ போதும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. உடை முழுவதையும் கழற்றி, தலை முடியை வகிர்ந்து, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் பாருங்கள். புள்ளி தெரிந்த இடத்தை மட்டும் காட்டிவிட்டு மற்ற இடத்தைச் சட்டைக்குள் விட்டுவிடுவதால்தான் பல நோய்கள் தப்பிப் போகின்றன. போட்டோ எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. ஃபிளாஷ் வேண்டாம், அது தடிப்பின் மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். காலையில் எடுத்தது மாலையில் மறைந்திருந்தால் அந்தப் படம்தான் மருத்துவருக்குக் கிடைக்கும் ஒரே தடயம்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் குழந்தைகளுடையவை. அங்கே இளஞ்சிவப்பாகத் தெரிவது நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, வெறும் காப்பி நிறக் கறையாகவோதான் தெரியும். நல்ல கறுப்பு நிறப் பிள்ளையிடம் நிறமே மாறாமல் தோல் மட்டும் பொரிபொரியாக எழும்பியிருக்கும். அதனால் விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தடவிப் பார்ப்பது அவசியம். மணல்தாள் போல் உரசினால், அம்மா கண்ணுக்குத் தெரியாத தடிப்பு அம்மா விரலுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது முதல் கேள்வி: அழுத்தினால் மறைகிறதா? ஒரு கண்ணாடி டம்ளரை எடுங்கள். கோடு, பூ எதுவும் இல்லாத தெளிவான டம்ளர். அதன் பக்கவாட்டைப் புள்ளிகள் மேல் வைத்து, வலிக்காத அளவுக்கு அழுத்திக்கொண்டே உள்ளே பாருங்கள். கண்ணாடிக்கு அடியில் தோல் வெளிறி, புள்ளியும் சேர்ந்து வெளிறிவிட்டால், ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது. குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு அது. அழுத்தியும் புள்ளி அப்படியே, பேனா முனையால் குத்தினது போல் நின்றால், ரத்தம் குழாயை விட்டுக் கசிந்து தோலுக்குள் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். கறுத்த தோலில் இதை உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு ஆகிய வெளிறிய இடங்களில் செய்யுங்கள். கீழ் இமையை இழுத்து உள்பக்கமும், வாயைத் திறந்து மேலண்ணமும் பாருங்கள். காலையில் மறைந்த புள்ளி மாலையில் மறையாமல் போகலாம். காய்ச்சல் உள்ள குழந்தைக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யவேண்டும்.

மறையாத புள்ளியோடு காய்ச்சலும் இருந்து, குழந்தை துவண்டு கிடந்தாலோ, கை கால் சில்லிட்டிருந்தாலோ, கழுத்தை மடக்க விடாமல் அழுதாலோ, காத்திருக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் சில கிருமிகள் ரத்தத்தில் பரவும்போது இந்தப் புள்ளிகள் மணிக்கணக்கில் பெருகி ஒன்றோடொன்று சேரும்.

காய்ச்சலே இல்லாமல், ஓடியாடி விளையாடும் குழந்தைக்கு இப்படிப் புள்ளியும் கன்றிப்போன நீலத் திட்டும் வருவது வேறு கதை. சளிக்காய்ச்சல் வந்து போன சில வாரங்களில், குறிப்பாக 2 வயதிலிருந்து 5 வயதுக்குள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) அழிக்கத் தொடங்குவதுண்டு. அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய தட்டணு இருபதாயிரத்துக்குக் கீழேகூடப் போயிருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அதுவரை ஐபுபுரூஃபன் என்ற வலி, காய்ச்சல் மருந்து கூடாது, தசையில் போடும் ஊசி கூடாது, தலையில் அடிபடும் விளையாட்டு கூடாது. புள்ளிகள் பிட்டத்திலும் காலிலும் மட்டும் வந்து, தொட்டால் மேடாகத் தட்டுப்பட்டு, கூடவே வயிற்று வலியோ கணுக்கால் வீக்கமோ இருந்தால் அது சிறு ரத்தக்குழாய்களின் அழற்சி. தோல் ஆறிய பிறகும் ஆறு மாதம் வரை சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் வெளியே தெரியாது.

மறையாத புள்ளி எல்லாமே ஆபத்தா என்றால் இல்லை. விடாமல் இருமின, வாந்தி எடுத்த, வீறிட்டு அழுத குழந்தைக்கு முகத்திலும் கழுத்திலும் மட்டும் நுண்ணிய புள்ளிகள் வரும். மார்புக் காம்புக்குக் கீழே ஒன்றுகூட இருக்காது. அப்படியானாலும் ஒருமுறை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தைக்குக் கன்றிய திட்டு வந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காட்டியே ஆகவேண்டும். தானாக நகராத குழந்தைக்கு இடித்துக்கொண்டு கன்ற வழியில்லை.

டெங்கு காலத்தில் அம்மாக்கள் புள்ளியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். கவனிக்கவேண்டியது அதை அல்ல. டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும்போது தொடங்குகிறது, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் விட்டது, பிள்ளை தூங்குகிறான் என்று நிம்மதியாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கை கால், சிறுநீர் குறைவது ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான். அதற்குப் பிறகு உடம்பெல்லாம் சிவந்து, நடுநடுவே வெள்ளை வெள்ளையாகத் தீவு மாதிரித் தோல் விட்டு, உள்ளங்கை கடுமையாக அரித்தால், அது பெரும்பாலும் தேறி வருவதன் அடையாளம். டெங்கு சந்தேகம் உள்ளவரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம்.

அந்தப் பாராசிட்டமாலிலும் தவறு நடக்கிறது. அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் அது 6 மில்லி, 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி, 1 மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். சிரப் பழக்கத்தில் சொட்டு மருந்தை 6 மில்லி கொடுத்துவிட்டால் நான்கு மடங்கு போய்விடும். பாட்டிலை மாற்றும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

காய்ச்சலுக்கும் தடிப்புக்கும் உள்ள கால இடைவெளி நிறையச் சொல்லும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மூன்று நாலு நாள் நெருப்பாகக் காய்ந்து, சட்டென்று இறங்கி, இறங்கின அன்றே மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளி வந்தால் அது ரோசியோலா. குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும், புள்ளி இரண்டொரு நாளில் போய்விடும். இதில் வரும் சங்கடம், மூன்றாம் நாள் யாரோ ஆன்டிபயாட்டிக் தொடங்கியிருப்பார்கள். பழி அந்த மருந்தின் மேல் விழும். "இவனுக்கு அமாக்சிசிலின் அலர்ஜி" என்று நோட்டில் எழுதப்பட்டு, ஆயுசு முழுக்க ஒரு நல்ல மருந்து கைவிட்டுப் போகும். அதனால் எந்த மருந்து எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தொடங்கினது என்று எழுதி வைப்பது அவசியம். மருந்தால் வந்த தடிப்பு உண்மையிலேயே மோசமானதா என்பதற்கு வேறு அடையாளம் இருக்கிறது: தொட்டாலே தோல் வலிக்கும், கண், வாய், பிறப்புறுப்பு புண்ணாகும், கொப்புளம் வந்து தோல் வழன்று வரும். வலிப்பு மருந்து தொடங்கின சில வாரங்களில் இப்படி வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அப்போதே கிளம்பவேண்டும்.

காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், மார்பு, கால் என்று மேலிருந்து கீழே இறங்கினால், அதற்கு முன் மூன்று நாளாவது இருமலும் மூக்கொழுகலும் சிவந்த கண்ணும் இருந்திருந்தால், தட்டம்மை. 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடும் இரண்டு எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்கவேண்டும். 6 முதல் 11 மாதம் வரை நாளுக்கு 1 லட்சம் யூனிட், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். கண்ணையும் உயிரையும் காப்பது அது. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மருந்தே கூடாது என்று வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தில் இந்த இரண்டு நாள் நழுவிவிடுகிறது.

சின்னம்மையில் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கும். வேறு எதிலும் இவ்வளவு தெளிவாக அப்படி வராது. வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாட்களை உள்ளே விடாததும் நம் முன்னோர் கண்ட நல்ல தனிமைப்படுத்தல். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை அதைக் கடைப்பிடியுங்கள். கர்ப்பிணியும் பச்சிளம் குழந்தையும் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை உடம்பைக் கழுவாமல் விடுவதில் நியாயமில்லை. தினமும் வெதுவெதுப்பான நீரில் மெல்லக் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, நகத்தை வெட்டிவிட்டால் சீழ் பிடிப்பது குறையும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் இதில் கூடாது. ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சூடாக வீங்கினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே காட்டுங்கள்.

2022-இல் கேரளாவிலிருந்து வந்த செய்தியில் தக்காளிக் காய்ச்சல் என்று எல்லோரையும் பயமுறுத்தியது, பெரும்பாலும் கை, கால், வாய் நோய்தான். உள்ளங்கை, உள்ளங்கால், முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் புள்ளியும் நீர்க்கொப்புளமும், வாய்க்குள் புண்ணும் வரும். தோலுக்கு ஒன்றும் செய்யவேண்டாம். கஷ்டமெல்லாம் வாயில்தான். காரம், புளிப்பு, சூடு மூன்றையும் நிறுத்தி, குளிர்ந்த மோர், இளநீர், ஆறின கஞ்சி என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் துள்ளினால், விடாமல் வாந்தி எடுத்தால் மருத்துவமனை.

இரண்டு நோய்களை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் உடை கழற்றிப் பார்த்தால் மட்டுமே பிடிபடும். ஒன்று ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் இந்தக் காய்ச்சல் தமிழ்நாட்டில் நிறைய உண்டு, மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் கூடும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் குழந்தை சொல்லாது. அக்குளில், தொடை இடுக்கில், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் ஒளிந்திருக்கும். ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை, வழக்கமான ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை என்றால் அந்தப் பொருக்கைத் தேடுங்கள். அதற்குரிய டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.

மற்றொன்று கவாசாகி நோய். ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1967-இல் விவரித்தது. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரிப் பழம் போல் நாக்கு, வீங்கின கை கால், உடம்பில் ஏதோ ஒரு தடிப்பு. இதோடு இடது தோளில் இருக்கும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைப் பாருங்கள். பல மாதங்களுக்கு முன் ஆறிப்போன அந்தத் தழும்பு திரும்பச் சிவந்து தடித்திருந்தால், அது இந்த நோயைச் சுட்டும் வலுவான அடையாளம். காய்ச்சல் தொடங்கி பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை நரம்பில் ஏற்றினால் இதயத்தின் ரத்தக்குழாய் வீங்கும் ஆபத்து வெகுவாகக் குறையும். நம் ஊரில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் அந்தத் தழும்பு உண்டு. பார்ப்பதற்கு ஒரு வினாடி போதும்.

காய்ச்சல் இல்லாத, அரிக்கிற தடிப்புக்கு வருவோம். திடீரென்று உடம்பில் அங்கங்கே தடித்து எழும்பினால் நம் ஊரில் காணாக்கடி என்பார்கள், கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்தது என்ற பொருளில். அழகான பெயர், ஆனால் பெரும்பாலும் எதுவும் கடித்திருக்காது. சிறு குழந்தைகளுக்கு இதன் காரணம் அனேகமாக ஏதாவது ஒரு வைரஸ் தொற்று. இதை உறுதி செய்ய ஒரு பால்பாயின்ட் பேனா போதும். ஒரு தடிப்பைச் சுற்றி விளிம்பிலேயே கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். காணாக்கடியானால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டம் காலியாகிவிடும், வேறொரு இடத்தில் புதிதாக எழும்பியிருக்கும். வட்டத்துக்குள்ளேயே மறுநாளும் இருந்தால், போகும்போது கன்றிய கறை விட்டால், அது காணாக்கடி அல்ல. உணவுதான் காரணம் என்றால் தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். முந்தாநாள் சாப்பிட்ட கத்தரிக்காயின் மேலும் கருவாட்டின் மேலும் பழி போடவேண்டாம். உதடு, நாக்கு வீங்கி, மூச்சு இரைத்தாலோ, குரல் கம்மினாலோ, வாந்தியோடு துவண்டாலோ 108.

"எல்லோரும் ஒரே பாயில்தான் படுக்கிறோம், இவளை மட்டும் ஏன் கடிக்கிறது?" என்று கேட்காத அம்மா இல்லை. கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது. இரண்டிலிருந்து பத்து வயது வரை சில பிள்ளைகளின் தோல் அந்தக் கடிக்கு மிகையாகப் பொங்குகிறது. கை, காலில் வெளியே தெரியும் இடத்தில், இரண்டு மூன்றாகக் கூட்டமாகவோ வரிசையாகவோ கெட்டியான பருக்கள், நடுவே ஒரு துளி. புதிதாக ஒரு கடி விழுந்தால் ஆறின பழையவையும் கூடச் சேர்ந்து அரிக்கும். கொசுவலை, முழுக்கை சட்டை, வீட்டு நாய் பூனைக்கு உண்ணி மருந்து, இவைதான் வைத்தியம். வயதாக ஆக அடங்கிவிடும்.

சொறி சிரங்கை இதோடு குழப்பிக்கொள்வார்கள். சிரங்கு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அக்குள், ஆண் குழந்தைகளுக்குக் குறி, இவை அதன் இடங்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருப்பார். 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் நல்ல மருந்து. மருந்து சரியில்லை என்று திரும்பி வருகிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் பூசின விதத்தில்தான் கோளாறு.

எப்படிப் பூசுவது? குளித்த சூடு ஆறி, உலர்ந்த தோலில், ராத்திரி படுக்கும் முன். கழுத்திலிருந்து கால் நுனி வரை, அரிக்கும் இடம் அரிக்காத இடம் பார்க்காமல், தொப்புள் குழி, பிட்டப் பிளவு, விரல் இடுக்கு, உள்ளங்கால், வெட்டின நகத்துக்கு அடியில் எல்லாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் சுற்றி விட்டுவிட்டு முகம், தலை, காதுக்குப் பின்னும் சேர்த்து. கையை வாயில் வைக்காமல் இருக்க சாக்ஸ் மாட்டுங்கள். 8 முதல் 12 மணி நேரம் இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூசவேண்டும். இதை மறப்பதால்தான் விரல் இடுக்கில் பூச்சி பிழைத்துக்கொள்கிறது. ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. பெரியவர் ஒருவருக்கு ஒரு 30 கிராம் டியூப் கிட்டத்தட்ட முழுசாகத் தேவைப்படும், ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அதில் கால் பங்கு.

வீட்டில் உள்ள எல்லோரும் அதே ராத்திரி பூசவேண்டும், அரிப்பு இல்லாதவரும். பூச்சி ஏறி அரிப்பு தொடங்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், இன்று சும்மா இருக்கிற தாத்தாதான் அடுத்த மாதம் குழந்தைக்குத் திருப்பிக் கொடுப்பார். போர்வை, தலையணை உறை, மூன்று நாளில் உடுத்தின துணி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்தால், உடம்பை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாழாத பூச்சி செத்துவிடும். அரிப்பு மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அது செத்த பூச்சிக்குத் தோல் காட்டும் எரிச்சல். மருந்து கேட்கவில்லை என்று தினமும் பூசினால் தோல் வெந்துபோகும். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதுவும் வேண்டாம். காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற பழைய லோஷனைச் சிறு குழந்தைக்குத் தடவவே கூடாது, வலிப்பு வரும்.

கரப்பான் என்று நாம் சொல்லும் எக்சீமாவில் எதை நிறுத்துவது என்பதிலேயே வீட்டார் தவித்துப் போகிறார்கள். முட்டை, மீன், பால், நிலக்கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, தோலும் ஆறாமல் எடையும் ஏறாமல் வரும் பிள்ளைகளைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. நோய் தோலின் ஈரம் காக்கும் தன்மையில் இருக்கிறது. ஐந்து பத்து நிமிடக் குளியல், கடலை மாவு தேய்ப்பு கிடையாது, துண்டால் ஒற்றி, மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே ஈரப்பதக் கிரீமோ சுத்தமான தேங்காய் எண்ணெயோ தாராளமாக. வாரத்துக்கு 100 கிராமாவது செலவாகவேண்டும். 50 கிராம் டியூப் ஒரு மாதம் வருகிறதென்றால் பூசவே இல்லை என்று பொருள். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம்.

மருத்துவர் ஸ்டீராய்டு எழுதித் தந்தால் பயப்படாமல், ஆனால் அளந்து பூசுங்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம், விரல்களும் சேர்ந்த பெரியவரின் உள்ளங்கை இரண்டின் அளவு பரப்புக்கு அது போதும். அவர் சொன்ன நாளில் நிறுத்தவேண்டும். அஞ்சவேண்டியது கடையில் கேட்டு வாங்கும் மூன்று நான்கு மருந்து கலந்த டியூபுக்கு. வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஒன்றாக இருக்கும். படர்தாமரையில் பூசினால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே அமைதியாகப் பரவும், வட்டத்தின் விளிம்பு அழிந்து என்ன நோய் என்றே தெரியாத உருவத்துக்கு மாறும். இடுக்கில் டயபருக்கு அடியில் பூசினால் பிளாஸ்டிக் மூடி போட்டது போல் மருந்து ரத்தத்துக்குள் இறங்கும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டும், கேட்டால் கிடைக்கிறது. கேட்காதீர்கள்.

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பினால் வேர்வைத் துளை இன்னும் அடைபடும். பருத்தி பனியன், காற்று, ஒரு நாளைக்கு இரண்டு குளியல் போதும். இடுப்பைச் சுற்றி மட்டும் கறுத்த சொரசொரப்பான வளையம் இருந்தால் அரைஞாண் கயிற்றைப் பாருங்கள். நனைந்த கறுப்புக் கயிறு நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். ஒரு வாரம் கழற்றி வைத்தாலே தெரிந்துவிடும். முகத்தில் வெளிறின தேமல் வந்தால் வயிற்றில் பூச்சி, கால்சியம் குறைவு என்று சிரப் வாங்குவது வழக்கம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அது வறண்ட தோலின் வேலை, கிரீம் தடவி வெயிலைக் குறைத்தால் சில மாதங்களில் நிறம் திரும்பும். பால் போல் வெளுத்துத் தெளிவான விளிம்போடு இருந்தால் வெண்புள்ளியா என்று பார்க்கவேண்டும். கண்ணை மூடச் சொல்லி, வெளிறின திட்டைப் பஞ்சுத் திரியால் தொட்டு, தொட்டது தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போங்கள். தொழுநோய்க்கு மருந்து அங்கே இலவசம், முழுசாகக் குணமாகும்.

பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் பச்சிளம் குழந்தைக்கு வரும் சிவந்த திட்டும் நடுவே மஞ்சள் பொட்டும் ஒரு வாரத்தில் தானே போகும். இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பல் மச்சம் அடிபட்டதல்ல. ஆனால் முதல் மாதத்தில் காய்ச்சலோடோ, பால் குடிக்காமலோ கொப்புளம் வந்தால் அன்றே மருத்துவமனை.

தடிப்பு மறைந்த பிறகு வரும் சில விஷயங்கள் அம்மாக்களைத் தனியாகப் பயமுறுத்தும். கை, கால், வாய் நோய் வந்து போய் ஒன்றிரண்டு மாதம் கழித்து விரல் நகம் அடியிலிருந்து பிரிந்து உரியும். பிய்க்காமல் ஓரத்தை வெட்டிவிடுங்கள், அடியில் புது நகம் வந்துகொண்டிருக்கும். பூச்சிக்கடியின் கறுப்புத் தழும்பு மறைய பல மாதம் பிடிக்கும், வெளுக்க வைக்கும் கிரீம் எதுவும் வேண்டாம். தேன் நிறப் பொருக்குத் தட்டின புண் வந்திருந்தால் மட்டும் கொஞ்சம் உன்னிப்பாக இருங்கள். புண் ஆறி மூன்று வாரம் போல, காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தால், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், அதே கிருமியால் சிறுநீரகம் அழன்றிருக்கலாம். அந்தச் சிறுநீரை ஒரு சுத்தமான சிறு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அன்று காலையே கிளம்புங்கள்.